சபையில் ஒரு பின்னல் குழு: நூல் வாங்குவது முதல் கொண்டுபோய்க் கொடுப்பது வரை

சபைப் பெண்கள் கூடி உட்கார்ந்து பின்னுவது நம் பக்கத்தில் புதிய சங்கதி இல்லை. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் சங்கத்து மார்த்தா மால்ட் அம்மையார் இங்குள்ள பெண்களுக்கு ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல் ஐயரைக் கல்யாணம் செய்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கைவேலையும் கூடவே போனது. ஆனால் அது விற்பதற்காக, பெண்கள் கையில் நாலு காசு நிற்பதற்காகப் பின்னியது. விற்காமல், நோயிலோ துக்கத்திலோ இருப்பவருக்கென்று பின்னும் 'ஜெபச் சால்வை' ஊழியம் 1998-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆரம்பித்தது. ஹார்ட்ஃபோர்ட் செமினரியில் பெண்களுக்கான தலைமைப் பயிற்சி முடித்த ஜேனட் பிரிஸ்டோ, விக்டோரியா காலோ என்ற இரண்டு பேர் தொடங்கியது. ஒருவரை மனதில் வைத்து ஜெபித்துக்கொண்டே ஒரு சால்வையைப் பின்னி அவருக்குக் கொடுப்பது, அவ்வளவுதான். அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது.

நமக்குச் சிக்கல் என்னவென்றால், இதற்கான வழிகாட்டிகள் எல்லாம் குளிர்நாட்டிலிருந்து வருகின்றன. மே மாதத்து நெல்லையில் உல்லன் சால்வையைப் போர்த்திவிட்டால் ஆறுதலா வரும், வேர்க்குருதான் வரும். ஆகவே நம் வெயில், நம் ஆஸ்பத்திரி, நம் சபை ஆகியவற்றுக்கு ஏற்றபடி எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் கேளுங்கள், அப்புறம் பின்னுங்கள்

இதை மட்டும் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் சின்ன விஷயம். பல குழுக்கள் தலைகீழாகத் தொடங்குகின்றன: யூடியூபில் ஒரு அழகான பொம்மையைப் பார்ப்பது, ஆளுக்குப் பத்து பின்னுவது, பிறகு யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடுவது. அப்படிப் பின்னிய பொம்மைகள் ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில் பையோடு கிடக்கும். கிருமி பயத்தால் குறைமாதக் குழந்தைகள் வார்டில் பஞ்சு அடைத்த எதையும் பல இடங்களில் உள்ளே விடுவதே இல்லை. டென்மார்க்கில் 2013-ல் ஆரம்பித்த குரோஷா (ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னல்) ஆக்டோபஸ் பொம்மை இங்கேயும் பிரபலம்தான். பார்க்க ஆசையாக இருக்கும். மருத்துவமனையே கேட்டால் ஒழிய அதைத் தொடாதீர்கள்.

ஒரு மருத்துவமனை, அல்லது ஒரு முதியோர் இல்லம், அல்லது உங்கள் சபையிலேயே படுக்கையில் இருப்பவர்கள் என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆயர் கையெழுத்துடன் ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு இரண்டு பேர் மட்டும் போங்கள். மேலே இருப்பவரிடம் அனுமதி வாங்கினாலும், பேச வேண்டியது வார்டு சிஸ்டரிடம். எது பயன்படும், எது தொந்தரவு என்று அவருக்குத்தான் தெரியும். என்ன பொருள் வேண்டும், மாதத்துக்கு எத்தனை, என்ன அளவு, எந்த நூல் கூடாது, அங்கே துணியை எப்படித் துவைக்கிறார்கள்? இந்த ஐந்தையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் கொதிநீரும் பிளீச்சிங் பவுடரும் போடும் சலவையில் உங்கள் கைவேலை தாக்குப்பிடிக்குமா என்பதை அதுதான் சொல்லும்.

ஆள் சேர்ப்பதும் அனுமதியும்

சேகரக் குழுவில் (சபையை நிர்வகிக்கும் குழு) ஒரு வார்த்தை சொல்லி, பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கீழ் இதை ஒரு வேலையாகச் சேர்த்துவிட்டால் இடம், மின்விசிறி, பீரோ எல்லாம் தானாகக் கிடைக்கும். தனியாக நடத்தினால் கணக்குக் கேள்வி வரும். நூலுக்கு வரும் காணிக்கைக்குத் தனி நோட்டு ஒன்று போட்டு, ரசீதுகளை அதிலேயே ஒட்டி, மாதம் ஒரு தடவை பொருளாளரிடம் காட்டிவிடுங்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூடுவது சுலபம் போலத் தெரியும். ஆனால் வீட்டில் சமையல் காத்திருக்கும், எல்லாருடைய கண்ணும் வாசலில் இருக்கும். வார நாளில் பிற்பகல் நேரம் பரவாயில்லை. வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே பின்னி ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுக்கட்டும்.

பின்னத் தெரிந்தவர்கள் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். சிட்டத்தை (நூல் கட்டை) பந்தாகச் சுற்ற, அளவு பார்க்க, நுனி மறைக்க, துவைக்க, பொதி கட்ட என்று வேலை நிறைய உண்டு. ஓய்வுபெற்ற ஆண்களை இதில் இழுத்துவிடலாம்; பந்து சுற்றுவதில் அவர்கள் காட்டும் பொறுமை ஆச்சரியமானது. கண் மங்கலான பாட்டிமார்களுக்கு வெளிர் நிற நூலும் தடித்த ஊசியும் கொடுங்கள். கறுப்பு நூலில் கண்ணி (பின்னலின் ஒவ்வொரு சுருக்கு) எண்ணச் சொல்வது பாவம்.

ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெரியம்மா இருப்பார். புதிதாகக் கற்கும் பெண்ணின் கையைப் பார்த்துவிட்டு, "ஏ மக்ளே, நூல ஏன் இப்டி இறுக்குத? அது ஓடியா போயிரும்?" என்பார். கற்றுத்தரும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுங்கள். வீடியோவில் வராத பாடம் அது. விரலில் நூல் எவ்வளவு தளர்வாக ஓட வேண்டும் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துத்தான் காட்ட முடியும்.

நூலும் ஊசியும்

சமவெளிக்குப் பருத்தி. ஊட்டி, கொடைக்கானல், குன்னூர் பக்கம் அனுப்புவதாக இருந்தால் மட்டும் அக்ரிலிக். நம் கடைகளில் 'உல்லன்' என்று கேட்டால் எடுத்துத் தருவதில் முக்கால்வாசி அக்ரிலிக்தான். அது மலிவு, நிறம் போகாது, சட்டென்று காயும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது, நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அதனால் விறகடுப்போ மெழுகுவர்த்தியோ பக்கத்தில் இருக்கும் இடத்துக்குப் போர்வையாகக் கொடுக்கும்போது யோசிக்க வேண்டும். ஆட்டு ரோமம் கலந்த அசல் கம்பளி நூல் நோயாளிகளுக்கு வேண்டவே வேண்டாம், அரிக்கும்.

பருத்தியில் ஆங்கர், வர்தமான், கங்கா போன்ற கம்பெனி நூல்கள் எல்லா ஃபேன்சி ஸ்டோரிலும் கிடைக்காது. சென்னை என்றால் பாரிமுனை பக்கத்து மொத்தக் கடைகளில் பார்க்கலாம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் மிச்ச நூல் கோன் கோனாகக் கிலோ கணக்கில் கிடைக்கும். விலை குறைவு, ஆனால் நூல் மெல்லியது. நாலைந்து இழைகளைச் சேர்த்துப் பிடித்தால்தான் தொப்பிக்குரிய தடிமன் வரும். எந்த நூலானாலும் ஒரு பொருளுக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்குங்கள். லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் லாட் எண் (சேர்த்துச் சாயம் போட்ட தொகுதியின் எண்) இருக்கும். நிறம் ஒன்றானாலும் லாட் மாறினால் சால்வையின் நடுவில் ஒரு கோடு விழுந்தது போலத் தெரியும்.

ஊசி விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. வீட்டில் அம்மா காலத்து ஸ்வெட்டர் ஊசிகளில் பழைய பிரிட்டிஷ் எண் இருக்கும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 12 என்றால் 2.75 மி.மீ. எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க எண்ணோ இதற்கு நேர்மாறு. எண்களை மறந்துவிட்டு மில்லிமீட்டரில் பேசுவது என்று குழுவில் முடிவு செய்துவிடுங்கள்.

குரோஷாவிலும் இதே கதை. அமெரிக்க வீடியோவில் 'சிங்கிள்' என்ற கண்ணியை பிரிட்டிஷ் புத்தகம் 'டபுள்' என்கிறது. அமெரிக்க 'டபுள்' அங்கே 'டிரெபிள்'. பாதிப் பேர் புத்தகத்தையும் பாதிப் பேர் வீடியோவையும் பார்த்தால் ஒரே தொப்பி இரண்டு அளவில் வரும். கீழே நான் சொல்வதெல்லாம் அமெரிக்க முறை.

தொப்பி: ஒரே கணக்கு, எல்லாத் தலைக்கும்

புதிய குழு முதலில் எடுக்க வேண்டியது தொப்பிதான். நூல் கொஞ்சம், ஓரிரு மாலையில் முடியும், கேட்கிற இடமும் அதிகம். பிறந்த குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலை பெரிது, அதன் வழியே சூடு வேகமாகப் போகும். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய கங்காரு முறையில், எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கும்போது அதன் உடம்பில் இருப்பது டயப்பரும் தலையில் தொப்பியும் காலுறையும் மட்டும்தான். அந்தத் தொப்பி நம் கையிலிருந்து போகலாம். பெரியவர்கள் பக்கம் பார்த்தால், புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும். ஏசி போட்ட வார்டில் மொட்டைத் தலை சில்லிடும். வெளியே வந்தால் வெயில் சுடும்.

தொப்பிக்கு ஆயிரம் பேட்டர்ன் தேட வேண்டாம். தொப்பியின் சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் வருவது உச்சி வட்டத்தின் விட்டம். அந்த விட்டம் வரும்வரை தட்டையாக வட்டம் போடுங்கள், பிறகு கண்ணி கூட்டாமல் நேராக இறக்குங்கள். தொப்பி தலையை இலேசாகப் பிடிக்க வேண்டும் என்பதால் தலைச் சுற்றளவைவிட 2, 3 செ.மீ. குறைவாக எடுக்க வேண்டும்.

நிறைமாதக் குழந்தையின் தலை 33 முதல் 35 செ.மீ. இருக்கும். தொப்பி 32 என்று வைத்தால் வட்டம் 10 செ.மீ., உச்சியிலிருந்து விளிம்புவரை 13 செ.மீ. எட்டாம் மாதம் பிறந்த குழந்தைக்குத் தொப்பிச் சுற்றளவு 27, வட்டம் 8.5 செ.மீ. பெரியவர்களின் கீமோ தொப்பிக்குச் சுற்றளவு 52, வட்டம் 16.5, உயரம் 20 அல்லது 21 செ.மீ. குறைமாதத்துக்கு மட்டும் சிஸ்டர் சொல்லும் அளவே முடிவு; வாரத்துக்கு வாரம் தலை மாறும்.

செய்முறை: 4 மி.மீ. குரோஷா ஊசி, நடுத்தரத் தடிமன் பருத்தி நூல். மேஜிக் ரிங் (இழுத்தால் சுருங்கும் நூல் வளையம்) போட்டு அதற்குள் 8 ஹாஃப் டபுள் (சிங்கிளுக்கும் டபுளுக்கும் இடைப்பட்ட உயரக் கண்ணி). அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, மொத்தம் 16. மூன்றாம் சுற்றில் ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டால் 24. நான்காவதில் இரண்டு கண்ணிக்கு ஒவ்வொன்று, மூன்றாவதில் இரண்டு; 32. இப்படிச் சுற்றுக்கு எட்டு கூட்டிக்கொண்டே போனால் குழந்தைத் தொப்பிக்கான விட்டம் ஐந்தாறு சுற்றில் வந்துவிடும். வட்டம் அலை அலையாக மடங்கினால் கண்ணி அதிகம். கிண்ணம் போலக் குழிந்தால் குறைவு, அல்லது கை இறுக்கம். ஸ்கேலை வைத்துப் பார்த்து, விட்டம் சரி என்றதும் கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராகச் சுற்றுங்கள்.

மேஜிக் ரிங்கின் நடு ஓட்டையை இழுத்து மூடி, நுனியை இரண்டு தடவை சுற்றித் தைத்துவிடுங்கள். பட்டன், குஞ்சம், நாடா, முத்து எதுவும் குழந்தைத் தொப்பியில் கூடாது. டபுள் குரோஷா போட்டு இடைவெளி விட்டாலும் பிஞ்சு விரல் மாட்டும். ஹாஃப் டபுளைத் தாண்ட வேண்டாம். கீமோ தொப்பியில் உள்ளே தையல் மேடு இருந்தால் உறுத்தும், ஆகவே சுற்றிச் சுற்றியே பின்ன வேண்டும். இரண்டு துண்டாகப் பின்னி இணைப்பது வேலைக்காகாது. முடித்ததும் உள்பக்கத்தை உங்கள் மணிக்கட்டின் உள்புறத்தில் தேய்த்துப் பாருங்கள். அங்கே உறுத்தினால் தலையிலும் உறுத்தும்.

சால்வை

அமெரிக்கக் குழுவின் முதல் ஜெபச் சால்வை நிட்டிங்கில் (இரண்டு ஊசிப் பின்னல்) மிகச் சுலபமானது: தடித்த ஊசியில் 57 கண்ணி, மூன்று நேர் (நிட்) மூன்று மறி (பர்ல்) என்று கடைசிவரை, ஒவ்வொரு வரிசையும் மூன்று நேரில்தான் தொடங்கும். மூன்று மூன்றாக எண்ணும்போது திரியேகத்தை (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி) நினைத்துக்கொள்வார்கள். நிட்டிங் தெரிந்தவர்கள் மலைப்பகுதிக்கு இதைப் பின்னலாம்.

நமக்கு வலை போன்ற குரோஷா நல்லது. 5 மி.மீ. ஊசியில் 82 செயின் (சங்கிலிக் கண்ணி) போடுங்கள். ஊசியிலிருந்து ஐந்தாவது செயினில் ஒரு டபுள், ஒரு செயின், அதே இடத்தில் இன்னொரு டபுள். இதுதான் ஒரு 'வி'. இரண்டு செயினை விட்டு அடுத்ததில் இன்னொரு வி. இப்படியே போனால் 26 வி வரும். கடைசியில் ஒரு செயினை விட்டு, கடைசிச் செயினில் தனி டபுள். திருப்பி மூன்று செயின் ஏறி, கீழ் வரிசையின் ஒவ்வொரு வி-யின் நடு இடைவெளியிலும் ஒரு வி, கடைசியில் ஏறிய செயினின் தலையில் ஒரு டபுள். ஒன்றரை மீட்டர் நீளம் வரும்வரை இதே வரிசைதான். அகலம் 50, 55 செ.மீ., நூல் 300 முதல் 350 கிராம். வாய் ஜெபம் சொல்ல, கை தானாக ஓடும்; எண்ணிக்கை தப்பினாலும் அந்த வரிசையிலேயே தெரிந்துவிடும்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. கணவரை இழந்தவருக்கு வெள்ளையும் சாம்பலும் கொடுக்காதீர்கள். நீங்கள் அமைதியின் நிறம் என்று நினைப்பீர்கள். ஊர் அதை வேறு மாதிரிப் படிக்கும், அவரும் அப்படியே படிப்பார். அவருக்குப் பிடித்த நிறம் எது என்று மகளிடமோ மருமகளிடமோ கேட்டுவிடுங்கள். மயில் கழுத்து நிறம் என்று பதில் வந்தால் அதையே பின்னுங்கள்.

முதியோர் இல்லத்துக்கு மடிப்போர்வை கேட்டால் சதுரங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். 2016 ஜனவரியில் சென்னையில் உலக சாதனை படைத்த 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' பெண்களின் பெரிய போர்வையும் இப்படிப் பலர் பின்னியதைச் சேர்த்ததுதான். 20 செ.மீ. சதுரம் அகலத்துக்கு ஐந்து, நீளத்துக்கு ஆறு, ஆக 30 சதுரம் போதும். ஒருவர் கை இறுக்கம், இன்னொருவர் கை தளர்வு என்பதால் சதுரம் சின்னதும் பெரியதுமாக வரும். 20 செ.மீ. அட்டை ஒன்றை எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்துவிடுங்கள். அளவு வராதவர் ஊசியை மாற்றட்டும். கையை மாற்றச் சொன்னால் சண்டைதான் வரும்.

பேசத் தயங்கும் ஒரு பொருள்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு, பருத்தி நூலில் பின்னிய மார்பு வடிவம். 2011-ல் தனக்கு அறுவை நடந்தபின் அமெரிக்காவின் பெல்லிங்ஹாமில் பார்பரா டெமோரெஸ்ட் தொடங்கிய 'நிட்டட் நாக்கர்ஸ்' அமைப்பின் மூலம் இது பரவியது. பேட்டர்ன் இலவசம், பின்னுகிறவர்களும் இலவசமாகவே கொடுக்கிறார்கள். கடையில் விற்கும் சிலிக்கான் மார்பு கனமானது, விலையும் அதிகம், நம் வெக்கையில் வியர்த்து வழியும். பின்னியது எடையே தெரியாது.

உள்ளே அடைக்க பாலியெஸ்டர் குஷன் பஞ்சு வாங்குங்கள். வீட்டில் இருக்கிறதே என்று இலவம்பஞ்சை அடைத்தால் ஒரு துவையலில் கட்டி கட்டியாகிவிடும், காயவும் காயாது. பின்பக்கத்தை நாடா இழுத்து மூடுவது போல வைத்தால் அவரவர் தேவைக்கு ஏற்பப் பஞ்சைக் கூட்டிக் குறைக்கலாம், துவைக்கும்போது வெளியே எடுக்கலாம். பிளவுஸின் உள்பக்கம் ஒரு பை தைத்துக்கொள்ளும்படி சொல்லிக் கொடுங்கள். தெரு முனை டெய்லர் அக்கா பத்து நிமிடத்தில் தைத்துத் தருவார். காயம் ஆறியபின், டாக்டர் சரி என்ற பிறகுதான் வைக்க வேண்டும். இதைக் கூட்டத்தில் மேசைமேல் பரப்பி வைக்காமல், மூடிய உறையில் சிஸ்டர் மூலமே கொடுங்கள்.

முடிப்பு, துவைப்பு, பத்திரம்

முடிச்சுப் போட்டு வெட்டிவிடுவது எல்லாரும் செய்வது. முடிச்சு உறுத்தும், சலவையில் அவிழவும் செய்யும். 15 செ.மீ. நூல் விட்டு, மொட்டை ஊசியில் கோத்து, ஒரு பக்கம் ஓட்டி, திரும்பி, மறுபடி எதிர்ப்பக்கம் ஓட்டிய பிறகே வெட்டுங்கள். குழுவில் ஒருவர் இதை மட்டுமே பார்த்துச் சரி சொல்லட்டும். கொஞ்சம் கறாரான ஆளாக இருந்தால் நல்லது.

வாசனையில்லாத சோப்பில் துவைத்து, வெயிலில் மொறுமொறு என்று காயவைத்து, அன்றே பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடுங்கள். மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்ததை மூடினால் பூஞ்சை பிடிக்கும். பூனை, நாய் வளர்க்கும் வீடென்றால் துவைத்த பிறகு வெளியே வைக்க வேண்டாம்.

மிக முக்கியமானது: குழந்தைப் பொருள் இருக்கும் பீரோவில் பாச்சை உருண்டை போடவே கூடாது. அதிலுள்ள நாஃப்தலின், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் ரத்த அணுக்களைச் சிதைத்து, கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு என்று யாருக்கும் தெரியாது. நூல் மூட்டையில் காய்ந்த வேப்பிலை போடுங்கள், போதும்.

கொடுப்பது

கொடுப்பதற்கு முந்தைய ஞாயிறு, பொருள்களைப் பீடத்தருகே வைத்து ஆயர் ஜெபிப்பது நல்ல வழக்கம். யோப்பாவில் தொற்காள் செய்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் விதவைகள் காட்டி அழுததை (அப்போஸ்தலர் 9) அன்று வாசிக்கலாம்.

ஆஸ்பத்திரி வாசலில் ஜெபத்தை மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் எந்த மதமாகவும் இருப்பார், படுக்கையில் இருப்பார், வேண்டாம் என்று சொல்லும் தெம்பில் இருக்க மாட்டார். அவர் கையில் துண்டுப்பிரதியைத் திணிப்பது அன்பில் சேராது என்பது என் கட்சி. சபை மக்களுக்கான சால்வையில் வசன அட்டை வையுங்கள். வெளியே போவதில் "கையால் பின்னியது. சீக்கிரம் குணமாக வாழ்த்துகள்" என்று எழுதி, கீழே நூல் வகை, துவைக்கும் முறை இரண்டையும் குறித்தால் போதும்.

ஃபோட்டோ வேண்டாம். சபை ஆண்டறிக்கையில் போட ஒரே ஒரு படம் என்பார்கள், பேனரும் பிடிக்கச் சொல்வார்கள். மொட்டைத் தலையோடு இருக்கும் ஒருவரைத் தொப்பிக்குக் கைமாறாகக் கேமராவைப் பார்க்கச் சொல்லாதீர்கள். அறிக்கைக்குப் பொருள்களை மட்டும் மேசையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். இருபது பேராகக் கிளம்பிப் போவதும் இதே ரகம்தான். இரண்டு பேர், பகல் நேரம், சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

என்ன கொடுத்தோம், எத்தனை, என்றைக்கு என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்த தடவை போகும்போது எது மிச்சம் கிடக்கிறது என்று கேளுங்கள். மிச்சம் இருப்பதை அடுத்த மாதம் பின்ன வேண்டாம். தீர்ந்துபோனதை இரண்டு மடங்காகப் பின்னுங்கள். "ஆக்டோபஸ் அழகாக இருக்கிறதே" என்று யாராவது இன்னும் சொல்லிக்கொண்டிருந்தால், அதைத் தன் பேரப்பிள்ளைக்குப் பின்னிக்கொள்ளட்டும்.